வாய் திறப்போம் தோழர்களே!

தோழர்களே, கேளுங்கள். கையில் இருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். கேளுங்கள்.

ஹாங்காங்கின் இளைஞர்கள் சிறையில் கிடக்கிறார்கள். சிறைக்குத் தப்பியவர்கள் நாடு நாடாக அலைகிறார்கள். அலைகிறவர்களின் தலைக்கு விலை வைத்திருக்கிறது அந்த நகரத்தின் காவல்துறை. ஒரு தலைக்குப் பத்து லட்சம் ஹாங்காங் டாலர் வரை. ஆளைப் பிடிக்கத் துப்புக் கொடு, பணத்தை வாங்கிக்கொண்டு போ!

இது பழங்கதை இல்லை. இன்று நடக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும் இந்த நேரத்தில் நடக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்?

சும்மா இருக்கிறோம். உலகத்தில் எந்த மூலையில் அடி விழுந்தாலும் தெருவுக்கு வருகிற நாம், இந்த ஒரு நகரத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. கூட்டத்தில் பேச்சு எழுந்தால் தலையைக் குனிந்துகொள்கிறோம். 'அது சிக்கலான விஷயம் தோழர்' என்று நகர்ந்துவிடுகிறோம்.

என்ன சிக்கல்? ஓட்டுரிமை கேட்ட பிள்ளைகளைப் பிடித்து உள்ளே போட்டிருக்கிறார்கள். இதில் என்ன சிக்கல்?

தயங்காதீர்கள். பெயர்களைக் கேளுங்கள்.

ஜோஷுவா வோங். பதினான்கு வயதில் மாணவர் அமைப்பைத் தொடங்கியவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கட்டாய 'தேசியக் கல்வி' புகட்டப் போகிறோம் என்றது அரசு. பள்ளிச் சீருடையிலேயே தெருவில் உட்கார்ந்தார்கள் மாணவர்கள். 2012 செப்டம்பரில் அரசு இறங்கி வந்தது. பிள்ளைகள் வென்றார்கள், தோழர்களே! பிள்ளைகள் வென்றார்கள்!

2014. நகரத் தலைவரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மறுபடி தெருவுக்கு வந்தார்கள். கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வந்தன. குடையை விரித்துத் தடுத்தார்கள். 79 நாள் தெருவிலேயே கிடந்தார்கள்.

2019. பிடிபட்டவர்களைச் சீனப் பெருநிலத்துக்கு அனுப்ப வழிசெய்யும் மசோதா வந்தது. நகரமே எழுந்தது. பாட்டிகள் வந்தார்கள். வக்கீல்கள் வந்தார்கள். செவிலியர் வந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். கைதானவர்களில் பலர் மாணவர்கள். அந்த நவம்பரில் மாவட்ட மன்றத் தேர்தல் நடந்தது. வாக்காளர்களில் 71 விழுக்காட்டினர் ஓட்டுப் போட்டார்கள். 18 மன்றங்களில் 17 ஜனநாயக அணியின் கைக்கு வந்தன.

மக்கள் பதில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிலைத்தான் பெய்ஜிங்கால் தாங்க முடியவில்லை.

2020 ஜூன் 30. இரவு 11 மணி. தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஹாங்காங் சட்டமன்றத்தில் ஒரு வார்த்தை விவாதம் இல்லை. நடைமுறைக்கு வந்த அந்த இரவில்தான் சட்டத்தின் முழு வாசகமே மக்கள் கண்ணில் பட்டது! பிரிவினை, அரசைக் கவிழ்த்தல், பயங்கரவாதம், அந்நிய சக்திகளோடு கூட்டு. நான்கு குற்றங்கள். உச்சத் தண்டனை ஆயுள்.

அந்தச் சட்டத்தின் 38-ஆம் பிரிவைக் கேளுங்கள், தோழர்களே. ஹாங்காங்கில் வசிக்காதவர், ஹாங்காங்குக்கு வெளியே செய்தாலும் குற்றம் குற்றம்தான் என்கிறது அது. மதுரையில் இருந்தாலும் சரி, ஈப்போவில் இருந்தாலும் சரி. நம்மையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். நமக்கென்ன என்று ஒதுங்கி நிற்க இடமே வைக்கவில்லை அவர்கள்!

சட்டம் வந்த பத்தே நாளில் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வரிசையில் நின்றார்கள். 2020 ஜூலை 11, 12. சட்டமன்றத் தேர்தலுக்குத் தங்கள் அணியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய அவர்களே ஒரு முன்தேர்தல் நடத்தினார்கள். கொளுத்தும் வெயில். கொரோனா காலம். தலைக்குமேல் புதுச் சட்டம். ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

ஆறு லட்சம் பேர், தோழர்களே. பயந்துகொண்டே வந்தார்கள். பயந்துகொண்டே நின்றார்கள். ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அந்த முன்தேர்தல்தான் குற்றமாயிற்று. 2021 ஜனவரி 6, விடியற்காலை. கதவுகள் தட்டப்பட்டன. 53 பேரைப் பிடித்தார்கள். பிப்ரவரி கடைசி நாளில் 47 பேர்மீது வழக்குப் போட்டார்கள். அரசைக் கவிழ்க்கச் சதி!

என்ன சதி? தேர்தலில் வெல்வோம், பெரும்பான்மை பெறுவோம், வரவுசெலவுத் திட்டத்தை எதிர்த்து வாக்களிப்போம், மக்களின் கோரிக்கைக்கு அரசை இணங்க வைப்போம் என்றார்கள். இவ்வளவுதான். வரவுசெலவுத் திட்டத்தை நிராகரிக்கும் அதிகாரம் ஹாங்காங்கின் அடிப்படைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மன்றம் மறுத்தால் நகரத் தலைவர் மன்றத்தைக் கலைக்கலாம், புதிய மன்றமும் மறுத்தால் தலைவர் பதவி விலக வேண்டும் என்று வரிக்கு வரி இருக்கிறது. எழுதி வைத்த உரிமையைப் பயன்படுத்தப் போகிறோம் என்று சொன்னதுதான் சதி.

பிணை கேட்டார்கள். நாலு நாள் விசாரணை. முதல் நாள் நள்ளிரவைத் தாண்டி ஓடியது. கூண்டில் ஒருவர் மயங்கி விழுந்தார். கடைசியில் பெரும்பாலானவர்களுக்குப் பிணை இல்லை. இந்தச் சட்டத்தில் பிணை மறுப்பதே விதி, கொடுப்பது விலக்கு. ஜூரி இல்லை. இந்த வழக்குகளுக்கென்றே அரசு பொறுக்கியெடுத்த நீதிபதிகள் மூவர். வழக்கு விசாரணை தொடங்கவே 2023 பிப்ரவரி ஆயிற்று. தீர்ப்பே வராமல் மூன்று ஆண்டுக்குமேல் சிறை! கல்லூரியை முடித்த கையோடு உள்ளே போனவர்கள், முப்பதை நெருங்கும்போது தண்டனையைக் கேட்டார்கள்.

2024 நவம்பர் 19. 45 பேருக்குத் தண்டனை. பேராசிரியர் பென்னி டாய்க்குப் பத்து ஆண்டு. ஓவன் சௌவுக்கு ஏழு ஆண்டு ஒன்பது மாதம். க்வினெத் ஹோவுக்கு ஏழு ஆண்டு. ஜோஷுவா வோங்குக்கு நான்கு ஆண்டு எட்டு மாதம். கூண்டைவிட்டு இறங்கும்போது 'ஹாங்காங்கை நேசிக்கிறேன்' என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார் ஜோஷுவா.

க்வினெத் ஹோவை நினைவில் வையுங்கள், தோழர்களே. பத்திரிகையாளர். 2019 ஜூலை 21 இரவு, யுவென் லோங் ரயில் நிலையத்தில் வெள்ளைச் சட்டைக் கும்பல் பயணிகளைக் கம்பால் அடித்து நொறுக்கியது. நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார் க்வினெத். அவரையும் அடித்தார்கள். கீழே விழுந்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் அவரே வேட்பாளராக நின்றார். 31 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும். அவர்களை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். க்வினெத் மறுத்தார். செய்தது குற்றமில்லை என்றார். ஏழு ஆண்டு வாங்கினார்.

இப்போது, தோழர்களே, நம் வாயை அடைத்து வைத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். மறைக்காமல் பேசுவோம்.

சிறை வைத்தவன் செங்கொடி பிடித்திருக்கிறான். அதனால்தான் நாம் பேசுவதில்லை. அதுதான் உண்மை. நம் கொடியின் நிறம் அவன் கையில் இருக்கிறது என்பதால் நம் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

அடைக்க வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் யார் என்று பாருங்கள்!

வின்னி யூ. செவிலியர். மருத்துவமனை ஊழியர் சங்கத்தைக் கட்டியவர். 2020 பிப்ரவரியில், நோய் பரவத் தொடங்கிய நேரத்தில், எல்லையை மூடு, ஊழியரின் உயிரைக் காப்பாற்று என்று ஆயிரக்கணக்கான மருத்துவமனை ஊழியர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்து வந்தவர். அவருக்கு ஆறு ஆண்டு ஒன்பது மாதம். கேரல் எங். தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர். அவருக்கு நான்கு ஆண்டு ஐந்து மாதம். 'நீள்முடி' என்று ஊரே அழைக்கும் லியுங் க்வோக்-ஹுங். வாழ்நாள் முழுதும் இடதுசாரி. சட்டமன்றத்துக்குள்ளேயே சே குவேரா படம் போட்ட சட்டையோடு போனவர். அவருக்கும் ஆறு ஆண்டு ஒன்பது மாதம்.

இவர்கள் யார்? நம்மவர்கள் இல்லையா? சங்கம் கட்டியவர், வேலைநிறுத்தம் நடத்தியவர், சே படத்தை நெஞ்சில் போட்டவர் நம்மவர் இல்லையென்றால் வேறு யார் நம்மவர்?

அந்தத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு எங்கே என்று கேளுங்கள். 2021 அக்டோபரில் கலைக்க வேண்டிய நிலைக்குத் தள்ளினார்கள். 95,000 ஆசிரியர்கள் சேர்ந்திருந்த சங்கம் எங்கே? அதே ஆண்டில் கலைந்தது. மே தின ஊர்வலம் எங்கே? 2023-இல் அனுமதி கேட்டு இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவரை நான்கு மணி நேரம் யாராலும் தொடர்புகொள்ள முடியவில்லை. அவர் திரும்பி வந்ததும் விண்ணப்பம் வாபஸ். என்ன நடந்தது என்று அவர் சொல்ல முடியாது.

மே தினத்துக்கு ஊர்வலம் போக முடியாத ஊரில் செங்கொடி பறக்கிறது. அந்தக் கொடிக்காக நாம் மௌனம் காக்க வேண்டுமா?

ஹாங்காங்கின் எல்லையைத் தாண்டினால் ஷென்சென். 2018-இல் அங்கே ஜாசிக் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முயன்றார்கள். வேலையை விட்டுத் துரத்தினார்கள், பிடித்து அடைத்தார்கள். பெய்ஜிங் பல்கலைக்கழகத்திலிருந்தும் வேறு பல்கலைக்கழகங்களிலிருந்தும் மார்க்சியம் படித்த மாணவர்கள் தொழிலாளர் பக்கம் வந்து நின்றார்கள். ஆகஸ்ட் 24 விடியலில் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குள் போலீஸ் புகுந்தது. சுமார் 50 பேர். அதில் யுவே ஷின் என்ற இளம்பெண். பெய்ஜிங் பல்கலைக்கழகப் பட்டத்தை அப்போதுதான் வாங்கியிருந்தார். பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் அவர் வெளியில் பேசிய பேச்சு இல்லை.

மார்க்ஸைப் படித்தார்கள். படித்தபடி நடந்தார்கள். அதற்குத்தான் இது. அன்று அவர்களுக்காக ஹாங்காங் தெருவில் பதாகை பிடித்தவர்கள் அங்கிருந்த தொழிற்சங்கத்தவர்கள். இன்று பதாகை பிடித்தவர்களும் இல்லை, சங்கமும் இல்லை.

'அவர்கள் அமெரிக்காவின் ஆட்கள் தோழர்' என்பார்கள். இந்தப் பேச்சை எத்தனை மேடையில் கேட்டுவிட்டோம்! சிலர் வாஷிங்டனுக்குப் போனார்கள், அங்குள்ள அரசியல்வாதிகளைச் சந்தித்தார்கள். ஆமாம், போனார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. உடன்பாடு இல்லாதவரைச் சிறையில் போடலாம் என்று நாம் எப்போது தீர்மானம் போட்டோம்? ஜூலை வெயிலில் ஆறு லட்சம் பேரை வாஷிங்டனா வரிசையில் நிறுத்தியது?

காலனி ஆதிக்கம் என்று பேசுவோமா? பேசுவோம். ஆட்டுக் கிராமத்தை ஓநாய்கள் சூழ்ந்த கதையைக் குழந்தைகளுக்குப் படப்புத்தகமாகப் போட்டார்கள் பேச்சுப் பயிற்சியாளர்கள் ஐந்து பேர். 2022-இல் அவர்களுக்கு 19 மாதச் சிறை. எந்தச் சட்டத்தில்? பிரிட்டிஷ்காரன் 1938-இல் போட்ட ராஜத்துரோகச் சட்டத்தில்! 1952-இல் ஹாங்காங்கின் இடதுசாரிப் பத்திரிகைமீது வெள்ளைக்காரன் ஏவிய அதே குற்றச்சாட்டு. காலனிக்காரன் விட்டுப்போன சாட்டையை எடுத்துத் துடைத்து, பிள்ளைகள்மேல் வீசுகிறார்கள். இந்தச் சாட்டையை நாம் ஆதரிக்கவா?

2024 மார்ச்சில் அதைவிடப் பெரிய சாட்டையைத் தாங்களே செய்துகொண்டார்கள். புதிய பாதுகாப்புச் சட்டம். ராஜத்துரோகப் பேச்சுக்கு ஏழு ஆண்டு வரை, 'அந்நிய சக்தி' சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. அந்தச் சட்டத்தில் முதலில் தண்டனை பெற்றவர் 27 வயது இளைஞர். போராட்ட முழக்கம் அச்சிட்ட டி-ஷர்ட் போட்டிருந்தார். 14 மாதம்! ஒரு டி-ஷர்ட்டுக்கு, தோழர்களே! 16 முதல் 19 வயது வரை உள்ள ஐந்து பிள்ளைகளை 2022-இலேயே பயிற்சி மையம் என்ற பெயரில் அடைத்தவர்கள்தான் இவர்கள். எதையும் செய்வார்கள்.

வெளியே போனவர்கள் மட்டும் தப்பினார்களா?

ஆக்னஸ் சௌ. பதினைந்து வயதில் போராட்டத்துக்கு வந்தவர். சிறையிலிருந்து வந்தபின் கடவுச்சீட்டைப் பறித்து வைத்திருந்தார்கள். படிக்கக் கனடா போக வேண்டும் என்று கேட்டார். போகலாம், முதலில் எங்களோடு ஷென்சென் வா என்றது போலீஸ். 2023 ஆகஸ்டில் அதிகாரிகள் சூழ அழைத்துப் போனார்கள். சீனத்தின் வளர்ச்சியைக் காட்டும் கண்காட்சியைச் சுற்றிக் காட்டினார்கள். படம் எடுத்தார்கள். திரும்பியதும் நன்றிக் கடிதம் எழுது என்றார்கள். தாய்நாட்டின் பெருமையை எனக்குக் காட்டியதற்கு நன்றி என்று எழுத வேண்டும்! எழுதிய பின்தான் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. அந்த டிசம்பரில் கனடாவிலிருந்து அறிவித்தார், இனி திரும்ப மாட்டேன் என்று. அடுத்த பிப்ரவரியில் தேடப்படும் ஆள் ஆக்கினார்கள்.

அவமானப்படுத்தி அனுப்புவது, பிறகு துரத்துவது. இதுதான் முறை.

டோனி சங். மாணவர் அமைப்பு நடத்தியதற்காகச் சிறையிருந்தவர். 2023 ஜூனில் வெளியே வந்தார். வந்த நாள் முதல் போலீஸ் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டது: யாரைப் பார்த்தாய், எங்கே போனாய், என்ன பேசினாய்? உளவு சொல், பணம் தருகிறோம் என்றது. டிசம்பரில் ஜப்பான் போனார். அங்கிருந்து பிரிட்டன். ஓராண்டு கழித்து அவர் தலைக்கும் பத்து லட்சம்.

அந்தப் பட்டியல்களைக் கணக்கு வையுங்கள். 2023 ஜூலை 3, எட்டுப் பேர். அதே டிசம்பரில் ஐந்து பேர். 2024 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஆறு பேர். அதில் க்ளோயி சியூங்குக்கு வயது 19. பத்தொன்பது! 2025 ஜூலையில் மேலும் 15 பேருக்குத் தலைக்கு இரண்டு லட்சம். ஆக, 34 பேர்.

பணம் அறிவித்ததோடு விட்டார்களா? 2025-இன் தொடக்கத்தில் பிரிட்டனில், அந்தப் பட்டியலில் உள்ள டோனி சங், கார்மென் லாவ் ஆகியோரின் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கடிதங்கள் வந்தன. படம், பெயர், பரிசுத் தொகை. இவரைப் பற்றித் தகவல் கொடுங்கள், அல்லது சீனத் தூதரகத்துக்குக் கூட்டி வாருங்கள்! காலையில் குப்பை கொட்ட வரும் பக்கத்து வீட்டுக்காரர் இவரை எப்படிப் பார்ப்பார்? இவர் அவரை எப்படிப் பார்ப்பார்?

வீட்டிலிருப்பவர்களையும் விடவில்லை. பட்டியலில் உள்ள, வாஷிங்டனில் இருக்கும் அன்னா க்வோக்கின் தந்தையை 2025-இல் ஹாங்காங்கில் பிடித்தார்கள். மகள் குழந்தையாக இருந்தபோது அவள் பெயரில் எடுத்த காப்பீட்டின் பணத்தைக் கையாளப் பார்த்தாராம். அதுதான் குற்றம். பெற்ற மகளுக்குச் சேர்த்த பணம், 'தப்பியோடியவரின் சொத்து' ஆகிவிட்டது!

உள்ளே இருப்பவர்களுக்கும் முடிவு இல்லை. ஜோஷுவாவின் தண்டனை முடியட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. 2025 ஜூன் 6 அன்று சிறையிலிருந்தே நீதிமன்றத்துக்கு இழுத்து வந்து இன்னொரு வழக்கைப் போட்டார்கள். அந்நிய சக்திகளோடு கூட்டுச் சதி. இதற்கு ஆயுள் வரை போகலாம். சௌ ஹாங்-துங், தியானன்மென்னில் கொல்லப்பட்டவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றிய வழக்கறிஞர், 2021 செப்டம்பரிலிருந்து சிறைக்குள்ளேயே இருந்து வழக்கை எதிர்கொண்டார். தன் வழக்கைத் தானே வாதாடினார். அவர் வாயை அடைக்க முடியவில்லை!

அடைபட்டிருப்பது நம் வாய்தான்.

'தூரத்து ஊர், நம்மால் என்ன முடியும்?' என்று கேட்கிறீர்கள். தூரமா? நம் வாசலிலேயே நடந்திருக்கிறது!

2015 மே. ஜோஷுவா வோங் பினாங்கில் வந்து இறங்கினார். மாணவர்களோடு பேச வந்தவர். விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். 2016-இல் சிங்கப்பூரில் ஒரு கூட்டம். ஜோஷுவா ஸ்கைப் வழியே பேசினார். அவ்வளவுதான், திரையில் ஒரு முகம். அனுமதி வாங்காமல் கூட்டம் நடத்தியதாகச் செயற்பாட்டாளர் ஜோலோவன் வாம்மீது வழக்கு. 2,000 வெள்ளி அபராதம். கட்ட மாட்டேன் என்று பத்து நாள் சிறையிருந்தார் அந்தத் தோழர். 2025 செப்டம்பர். நாதன் லோ சிங்கப்பூர் வந்தார். 23 வயதில் ஹாங்காங் சட்டமன்றத்துக்குத் தேர்வாகி, பதவி பறிக்கப்பட்டு, பிரிட்டனில் தஞ்சம் பெற்றவர். கையில் விசா இருந்தது. விசா கொடுத்தவர்களே உள்ளே விட மறுத்தார்கள். வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள்.

தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டின் வாசலில் இது நடந்தது. நம் பேச்சு எங்கே போனது? நம் ஏடுகள் எங்கே போயின?

இன்னொன்றையும் கேளுங்கள். இது முக்கியம். தேடப்படுகிறவரைப் பிடித்து ஒப்படைக்க ஹாங்காங்கோடு பல நாடுகள் உடன்படிக்கை போட்டிருக்கின்றன. பாதுகாப்புச் சட்டம் வந்ததும் கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா எல்லாம் 2020-இலேயே அதை நிறுத்திவைத்தன. இந்தியா போட்டிருக்கிறது, 1997-இல். இலங்கை போட்டிருக்கிறது. மலேசியா போட்டிருக்கிறது. சிங்கப்பூர் போட்டிருக்கிறது. தமிழர் வாழும் இந்த நான்கு நாடுகளின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது!

19 வயதில் தலைக்கு விலை வைக்கப்பட்ட பெண் நம் விமான நிலையத்தில் கால் வைக்க யோசிக்க வேண்டும். நம் கையெழுத்தால்! நம் அரசுகளின் கையெழுத்தால்!

இதை நாம் மாற்றலாம். இது நம் கைக்கு எட்டும். பெய்ஜிங்கின் சிறைக்கதவை நம்மால் உடைக்க முடியாது என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். நம் அரசு போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறச் சொல்ல நமக்கு என்ன தடை?

பயம் தடை. அதைத் தவிர ஒன்றுமில்லை.

கட்சியில் என்ன நினைப்பார்கள் என்ற பயம். பழைய தோழர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற பயம். மேற்கின் ஆள் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம். தோழர்களே, க்ளோயி சியூங் எதைத் தாங்கிக்கொண்டு பேசுகிறார், நாம் எதற்குப் பயந்து பேசாமல் இருக்கிறோம் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அவருக்குத் தலைக்கு விலை. நமக்கு ஒரு முகச்சுளிப்பு. இதற்கா பயந்தோம்?

ஒவ்வொரு நாளும் நாம் பேசாமல் இருப்பது அங்கே கணக்கில் ஏறுகிறது. யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததால்தான் 8 பேர் 34 ஆனார்கள். யாரும் கேட்கவில்லை என்பதால்தான் தந்தையைப் பிடித்தார்கள். யாரும் கேட்கவில்லை என்பதால்தான் தண்டனையின்மேல் புது வழக்கு. மற்ற அரசுகளும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எல்லைக்கு வெளியே போனவரையும் எப்படித் துரத்தலாம், பெற்றவரை எப்படிப் பிணையாக்கலாம் என்று பாடம் படிக்கின்றன. இந்தப் பாடத்தை அவர்கள் படித்து முடிக்கும்வரை காத்திருக்கப் போகிறோமா?

காத்திருக்காதீர்கள்! இந்த வாரமே தொடங்குங்கள்.

சங்கத்தில் இருக்கிறீர்களா? அடுத்த வாயிற்கூட்டத்தில் வின்னி யூவின் பெயரைச் சொல்லுங்கள். செவிலியர் சங்கங்களே, உங்கள் தோழியைப் பற்றி நீங்கள் பேசாவிட்டால் யார் பேசுவது? ஆசிரியர் சங்கங்களே, 95,000 பேரின் சங்கம் கலைந்த கதையை உங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள்.

மாணவர்களே, துண்டறிக்கை போடுங்கள். உங்கள் வயதுக்காரர்கள் உள்ளே இருக்கிறார்கள். அவர்கள் படத்தை வரையுங்கள். கல்லூரி வாசலில் ஒட்டுங்கள். கிழித்தால் மறுபடி ஒட்டுங்கள்.

எழுதுகிறவர்களே, இந்தப் பெயர்களைத் தமிழில் எழுதுங்கள். நீதிமன்றத்தில் அவர்கள் பேசிய பேச்சுகளைத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். க்வினெத் ஹோவைப் பற்றித் தமிழில் எத்தனை பக்கம் இருக்கிறது? வெட்கப்பட வேண்டும் நாம்.

வழக்கறிஞர்களே, அந்த ஒப்படைப்பு உடன்படிக்கைகளை எடுத்துப் படியுங்கள். அரசியல் குற்றச்சாட்டுக்காக யாரையும் ஒப்படைக்க முடியாதபடி எந்தக் கதவை மூடலாம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியத் தோழர்களே, உங்களுக்குள்ள நெருக்கடி எங்களுக்குத் தெரியும். உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். முடியாததை வெளியே இருக்கும் நாங்கள் செய்கிறோம். உங்கள் பெயர் வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

மக்கள் பிரதிநிதிகளுக்கு எழுதுங்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஹாங்காங்கோடு போட்ட ஒப்படைப்பு உடன்படிக்கையை நிறுத்திவை. தஞ்சம் தேடி வருகிறவரை வாசலில் திருப்பாதே. 47 பேர் வழக்கில் இன்னும் உள்ளே இருப்பவர்களையும், பேசியதற்காக உள்ளே இருக்கும் எல்லாரையும் விடுதலை செய் என்று சொல். தலைக்கு வைத்த விலையை எடு என்று சொல். நாலு வரி. நாலே வரி!

ஜூன் 30 ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. அந்த நாளில் ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பேராவது நிற்க வேண்டும். பத்துப் பேர் இல்லையா? ஐந்து பேர் நில்லுங்கள். ஐந்து பேர் வரவில்லையா? நீங்கள் மட்டும் நில்லுங்கள், தோழரே. பெயர்களை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கேட்கிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் கிளைக் கூட்டம் எப்போது? இந்த ஞாயிறா, அடுத்த ஞாயிறா? அந்த நாலு வரியைத் தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். எழுந்து நின்று முன்மொழியுங்கள். எங்கள் கிளையில் நான் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒரு கை வேண்டும். தூக்குங்கள், தோழர்களே!